வழக்குமன்றத்திலிருந்து வகுப்பறைக்கு



ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில், நாம் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நடந்த சிறு நிகழ்ச்சியோடு இன்றைய உரையைத் தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் முற்பகல், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வேலை உடுப்போடு ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு புத்தகப் பை இருந்தது. அவருடைய மகன் ஆறாம் ஆண்டு வரை நம்மிடம் படித்தவன். பிறகு பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனான். பதினைந்து வயதில், இரண்டு கூட்டாளிகளோடு, தமக்குச் சொந்தமில்லாத ஒரு மோட்டார் சைக்கிளோடு பிடிபட்டான்.

"வாத்தியாரையா, பையன் உள்ள போயிட்டான். இனிமே இந்தப் பை எதுக்கு? படிக்கிற பிள்ளை யாருக்காச்சும் குடுத்துடுங்க," என்றார் அந்த அம்மா.

அவர் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் சொன்னதில் மறைந்திருந்த கேள்வி நமக்குப் புரிந்தது. என் மகனின் படிப்பு இதோடு முடிந்துவிட்டதா என்பதே அந்தக் கேள்வி. அன்று அதற்கு நம்மிடம் விடையில்லை. எழுத்தறிவிப்பது எப்படி, கணக்கைப் புரிய வைப்பது எப்படி என்றெல்லாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றோம். பூட்டிய கதவுக்கு அப்பால் போய்விட்ட பையனுக்கு யார் பாடம் சொல்லித் தருவார் என்று நாம் கற்கவில்லை. விடை தேடிப் படித்தபோது, அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு ஒன்று இருப்பதை அறிந்தோம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இந்த உரையின் நோக்கம்.

அந்த வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. சிறைப்பட்ட சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று முன்வந்தவர்கள் எல்லாரும் ஆசிரியர்களாகப் பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர். சட்டம் படித்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வழக்குமன்றத்தில் நாள்தோறும் சிறுவர்களைக் கண்டு, தீர்ப்புச் சொன்னால் மட்டும் போதாது என்று உணர்ந்து, நாற்காலியை விட்டு இறங்கி வகுப்பறைக்கு வந்தார்கள்.

அவர்களுள் குறிப்பிடத்தக்க ஒருவரைத் தேடி நாம் பிரான்ஸ் நாட்டுக்குப் போக வேண்டும். பிரெடரிக் ஒகுஸ்த் தெமெட்ஸ் என்பது அவர் பெயர். 1796-ஆம் ஆண்டு பிறந்தவர். பாரிஸ் நகரின் உயர்ந்த நீதிமன்றம் ஒன்றில் நீதிபதியாக அமர்ந்தவர். அக்காலத்து பிரெஞ்சுச் சட்டத்தில் விசித்திரமான ஒரு விதி இருந்தது. 1810-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தில் 66-ஆவது பிரிவு அது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவன் நல்லது கெட்டது அறியாமல் குற்றம் செய்திருந்தால் அவன் குற்றவாளி அல்லன் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிச் சொன்ன பிறகும், அவனைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். அல்லது இருபது வயது வரை அடைத்து வைத்து வளர்க்கும்படி சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பலாம். குற்றம் இல்லை என்று தீர்ப்பு, கையில் விலங்கு! இந்தச் சிறுவர்களுக்குத் தனி இடம் போதிய அளவில் இல்லாததால், பலர் வளர்ந்த கைதிகள் இருந்த சிறைகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

சட்டப் புத்தகம் அவர்களை வளர்க்கச் சொன்னது. வளர்ப்பதற்கோ ஆள் இல்லை. இது தெமெட்ஸின் மனத்தை உறுத்தியது. 1836-ஆம் ஆண்டு அவர் கட்டடக் கலைஞர் ஒருவரோடு அமெரிக்கா சென்று அங்குள்ள சிறைச்சாலைகளைப் பார்த்து வந்தார். திரும்பியதும் நீதிபதிப் பொறுப்பைத் துறந்தார். நண்பர் ஒருவர் தந்த நிலத்தில், தூர் நகரத்துக்கு அருகே மெத்ரே என்னும் சிற்றூரில், சிறுவர்களுக்கென ஒரு வேளாண் குடியிருப்பைத் தொடங்கினார்.

அவர் முதலில் செய்த வேலை எதுவென்று எண்ணுகிறீர்கள்? மதில் எழுப்பினாரா? இல்லை. 1839-ஆம் ஆண்டு, ஒரு சிறுவன்கூட வந்து சேர்வதற்கு முன்பே, பையன்களைக் கவனிக்கப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். முதலில் ஆசிரியர், பிறகுதான் மாணவர். 1840-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் சிறுவர்கள் வந்தார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் ஒரு வீடு. அந்த வீடு ஒரு குடும்பம். அதற்கு ஒரு குடும்பத் தலைவர். பையன்கள் தங்களுக்குள் ஒருவனை அண்ணன் என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சுற்றுமதில் இல்லை. நிலத்தில் வேலை, பட்டறையில் தொழில், வகுப்பில் எழுத்தும் கணக்கும். விடுதலையான பிறகும் அவர்களைக் கைவிடாமல், வேலை தேடித் தந்து, எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து வந்தார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்து பார்த்துப் போனார்கள். இங்கிலாந்தில் ரெட்ஹில் என்னுமிடத்தில் 1849-இல் ஏற்பட்ட பண்ணைப் பள்ளிக்கும் மெத்ரேதான் முன்மாதிரி.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1873-ஆம் ஆண்டு தெமெட்ஸ் காலமானார். காலப்போக்கில் குடும்பம் என்னும் பெயர் மட்டும் மிஞ்சியது. கடுமையும் அடியும் பெருகின. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ழான் ஜெனே 1920-களின் இறுதியில் அங்கே அடைபட்டிருந்தவர். மெத்ரேயின் கொடுமைகளைப் பத்திரிகைகள் எழுதின. 1930-களின் இறுதியில் அது மூடப்பட்டது. கட்டடம் அதே கட்டடம்தான். திட்டமும் ஏறக்குறைய அதே திட்டந்தான். உள்ளே நின்ற மனிதர்கள் மாறிவிட்டார்கள். பையனைத் திருத்துவது கட்டடமோ திட்டமோ அன்று. அவன் பக்கத்தில் உட்காருகிற மனிதர்தான். மெத்ரேயின் எழுச்சியிலும் வீழ்ச்சியிலும் நாம் கற்கும் பாடம் இது ஒன்றே.

நேயர்களே, நீதிபதி ஒருவர் ஆசிரியரான கதை வெள்ளைக்காரர் நாட்டுக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். சஞ்சிக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போன நம் தமிழர்களின் நடுவிலும் இதற்கு நெருங்கிய ஒரு கதை நடந்தது. 1894-ஆம் ஆண்டு, முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, இரத்தம் ஒழுக, பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி ஓர் இளம் பாரிஸ்டரின் அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பாரிஸ்டர்தான் காந்தி. அந்த வழக்கு அவரை ஒப்பந்தத் தொழிலாளர்களோடு இணைத்தது. பின்னர் நடந்த அறப்போரில் ஆண்கள் பலர் சிறை சென்றார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் ஆதரவின்றித் தவித்தார்கள். அந்தக் குடும்பங்களுக்காக 1910-ஆம் ஆண்டு, ஜொகன்னஸ்பர்க் நகருக்கு வெளியே, கட்டடக் கலைஞர் காலன்பாக் தந்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்ட காந்தி, அங்கே பிள்ளைகளுக்கு வாத்தியாரானார். தாம் அரைகுறையாகக் கற்ற தமிழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கே கற்பிக்கவும் துணிந்தார்!

அங்கே முரட்டுப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் பொறுமையிழந்து காந்தி அவன் கையில் அளவுகோலால் அடித்துவிட்டார். அடித்த கைதான் நடுங்கியது. அது தவறு என்று உணர்ந்து, பிறகு எந்த மாணவனையும் அவர் அடிக்கவில்லை. இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். பிரம்பைக் கையில் எடுத்துப் பழகிய நம் போன்ற ஆசிரியர்களுக்கும், பெல்ட்டைக் கழற்றிப் பழகிய தகப்பன்மார்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

இனி, சட்டம் எப்படிப் படிப்படியாக மாறி நம் ஜொகூர் வரை வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் போர்ஸ்டல் என்று ஒரு சிற்றூர். சிறைத்துறைத் தலைவர் ரகிள்ஸ் பிரைஸ் என்பவர் முயற்சியால், 1902-ஆம் ஆண்டு அங்கிருந்த சிறை இளங்குற்றவாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. ஊர்ப் பெயரே முறையின் பெயராகிவிட்டது. 1922-இல் சிறைத்துறை ஆணையராக வந்த அலெக்சாண்டர் பேட்டர்சன், லண்டன் ஏழைகளின் குடியிருப்பில் பல்லாண்டு வாழ்ந்தவர். அங்கே சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தவர். சிறைக்கு அனுப்பப்படுவதே தண்டனை, உள்ளே வைத்து மேலும் தண்டிப்பதற்காக யாரையும் அனுப்புவதில்லை என்பது அவருடைய கொள்கை. 1930-ஆம் ஆண்டு, போர்ஸ்டல் இளைஞர்கள் சுமார் நாற்பது பேர், தங்கள் அதிகாரியோடு ஏறத்தாழ 130 மைல் நடந்தே சென்று, லௌதம் என்னுமிடத்தில் மதில் இல்லாத தங்கள் புதிய பள்ளியைத் தாங்களே கட்டினார்கள்.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்திலும் இதே எண்ணம் வேர் விட்டது. சீர்திருத்தப் பள்ளிகளுக்காக இங்கிலாந்தில் பாடுபட்ட மேரி கார்ப்பென்டர் அம்மையார் 1866-இல் இந்தியா வந்து, சென்னையையும் பார்த்து, சிறுவர்களைச் சிறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1876-இல் இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. 1887-இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி திறக்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டு சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அதுதான். வங்காளம் 1922-இலும், பம்பாய் 1924-இலும்தான் அதைப் பின்பற்றின. அடுத்து சென்னைப் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. பாளையங்கோட்டைப் போர்ஸ்டல் பள்ளியின் பெயரை நெல்லைச் சீமையிலிருந்து வந்த பெரியவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

மலாயாவில், போர் முடிந்த பிறகு, 1947-இல் சிறார் நீதிமன்றச் சட்டம் வந்தது. சிறுவர்களின் வழக்கைப் பெரியவர்களின் வழக்கோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்னும் கொள்கை அப்போது இந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1950-ஆம் ஆண்டு வாக்கில் மலாக்காவில், கடலோரமாக உள்ள தெலுக் மாஸ் என்னுமிடத்தில், போர்ஸ்டல் முறையைத் தழுவிய பள்ளி ஒன்று ஏற்பட்டது. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்ரி கர்னியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஹென்ரி கர்னி பள்ளி என்றால் நம் தோட்டங்களில் பிள்ளைகளை மிரட்டுவதற்கு ஒரு பெயராகவே இருந்தது. "சொன்ன பேச்சு கேக்கலன்னா அங்க அனுப்பிடுவேன்" என்று சொல்லாத தாய்மார் குறைவு. அங்கே வகுப்பறை இருக்கிறது, பட்டறை இருக்கிறது, பாட நேரம் இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஜொகூர்த் தோட்டக் குடும்பங்களுக்கு இன்னொரு பெயர் அதைவிட அச்சம் தந்தது. அது சிம்பாங் ரெங்கம். 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டவர்கள் அங்குள்ள தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தில் வழக்கு விசாரணை இல்லை. ஈராண்டுக் காவல், அது முடிந்ததும் மேலும் நீட்டிக்கலாம். நீதிமன்றம் தீர்ப்பளித்தால், மகன் எந்த ஆண்டு, எந்த மாதம் வருவான் என்று தாய் விரல் விட்டு எண்ணலாம். விசாரணையே இல்லாத இடத்தில் எதை எண்ணுவது? விடியும் நாள் தெரியாத இளைஞனுக்கு எந்தத் தேர்வுக்கென்று பாடம் நடத்துவது? நாடாளுமன்றம் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அவசரகாலப் பிரகடனங்களை நீக்கிய பிறகு அந்தச் சட்டம் காலாவதியானது. ஒழுங்கான விசாரணையும் முடிவு தெரிந்த தண்டனையும் கல்விக்கே அடிப்படை என்பதை அந்தக் காலம் நமக்கு உணர்த்திச் சென்றது.

இதற்கிடையே நல்ல மாற்றங்களும் நிகழ்ந்தன. 1995-இல் மலேசியா ஐக்கிய நாட்டுச் சபையின் சிறுவர் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் இயற்றப்பட்டது. 2008-ஆம் ஆண்டு முதல் கல்வி அமைச்சும் சிறைச்சாலைத் துறையும் கைகோத்து, சிறைகளுக்குள்ளும் ஹென்ரி கர்னி பள்ளிகளிலும் முறையான பள்ளிக்கூடங்களை நடத்தத் தொடங்கின. நம்மைப் போலப் பயிற்சி பெற்ற, கல்வி அமைச்சின் ஆசிரியர்களே அங்கே கற்பிக்கிறார்கள். சிறைக்குள் இருக்கும் அந்தப் பள்ளிகளுக்கு மலாயில் 'செகோலா இந்தெகிரித்தி' என்று பெயர். நேர்மைப் பள்ளி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். காஜாங், சுங்கை பட்டாணி, மாராங் ஆகிய ஊர்களில் இருப்பதுபோல், நம் ஜொகூரில் குளுவாங்கிலும் ஒன்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாமல் வருகிறவனுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். தேர்வுக்குத் தகுதியானவர்கள் எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். கைத்தொழிலும் உண்டு.

எஸ்.பி.எம். தேர்வு என்றதும் ஒரு தாய்க்கு இயல்பாக எழும் கவலை, அந்தச் சான்றிதழைப் பார்த்து நாளைக்கு வேலை தருவார்களா என்பது. 1990-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டுச் சபை, காவலில் உள்ள சிறாருக்கான விதிகளை ஏற்றது. அவற்றுள் ஒன்று, காவலில் இருக்கும்போது பெற்ற கல்விச் சான்றிதழில் அவன் அடைபட்டிருந்தான் என்பதற்கான எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்கிறது. தண்டனைக்கு முடிவு உண்டு. படிப்பில் அதன் கறை ஒட்டக் கூடாது. இந்த ஒரு விதியை எழுதியவர்கள் சட்டமும் அறிந்தவர்கள், பிள்ளை மனமும் அறிந்தவர்கள்.

கதவுக்கு அப்பால் நடக்கும் கல்வியைப் பற்றிப் பேசினோம். கதவுக்கு இப்பாலே, பையன் அங்கே போவதற்கு முன்பே தடுத்துப் பிடிக்கும் முயற்சியும் நம் சமுதாயத்தில் நடக்கிறது. அதிலும் முன்னிற்பவர் சட்டம் படித்த ஒருவரே. வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம், மைஸ்கில்ஸ் அறவாரியத்தின் வழி, படிப்பைப் பாதியில் விட்டுத் திசைமாறிய இளைஞர்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் அளிக்கும் பணியில் ஈடுபட்டவர். சிலாங்கூர் மாநிலத்தில், களும்பாங்கில், அவர்கள் தங்கிப் பயிலும் வளாகம் இருக்கிறது. பாரிஸில் ஒருவர் நாற்காலியை விட்டு இறங்கியது 180 ஆண்டுகளுக்கு முந்திய கதை. நம்மிடையிலும் ஒருவர் கறுப்பு அங்கியைவிடக் கரும்பலகை அவசரமானது என்று கருதியிருக்கிறார்.

சட்டம் படித்தவர்கள் ஏன் இப்படி வந்தார்கள்? நாம் எண்ணிப் பார்த்ததில் தோன்றுவது இது. நீதிமன்றம் கேட்கும் கேள்வி, "இவன் என்ன செய்தான்?" என்பது. அது நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி. அதற்குச் சாட்சி வேண்டும், ஆதாரம் வேண்டும். பள்ளிக்கூடம் கேட்கும் கேள்வி, "இவன் இனி என்ன செய்வான்?" என்பது. முதல் கேள்வியை ஒரு நாளில் தீர்த்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். முதல் கேள்வியிலேயே வாழ்நாளைக் கழித்த சிலருக்கு, இரண்டாவதைக் கேட்க ஆளில்லையே என்ற ஏக்கம் வந்தது. அவர்கள் எழுந்து வந்தார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பதினைந்து இருக்கிறதே! அது முற்றாத கொம்பு. பதமாகப் பிடித்தால் வளையும். வேகமாக மிதித்தால் முறியும்.

இனி, தோட்டத்திலும், தோட்டம் விற்கப்பட்டபின் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைச் சொல்லி முடிப்போம்.

சிறுவர் சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரும் சிறுவரே. பிள்ளை கைது செய்யப்பட்டால் அதைப் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீசார் உடனே தெரிவிக்க வேண்டும். சிறுவர் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை வெளியிடக் கூடாது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பெற்றோர் வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை நாளாயிற்றே, ஒரு நாள் சம்பளம் போகுமே என்று பாராமல் போங்கள்.

தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் ஆராயும். அந்த அதிகாரி வீட்டுக்கு வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளையைப் பற்றி நல்லதும் கெட்டதும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவன் பள்ளிப் புத்தகங்களையும் தேர்ச்சி அறிக்கையையும் எடுத்துக் காட்டுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 2012-ஆம் ஆண்டு முதல் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக வழக்கறிஞர் உதவியை அளித்து வருகிறது. நீதிமன்றத்திலேயே அதைக் கேட்கலாம்.

பிள்ளை உள்ளே போய்விட்டால், அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் பிள்ளையை வகுப்பில் சேர்த்தாயிற்றா?" என்பதாக இருக்கட்டும். அவன் பிறப்புச் சான்றிதழையும், பழைய பள்ளியின் தேர்ச்சி அறிக்கையையும் பத்திரமாக வைத்திருந்து கொடுங்கள். தேர்வில் அமர்த்துவதற்கு அவை உதவும். முடிந்த போதெல்லாம் போய்ப் பாருங்கள். "குடும்ப மானத்தை வாங்கிவிட்டான், இனி முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று சபதம் செய்யும் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்வோம். நீங்கள் போகாத நாளில், அவனுக்கு உறவு என்று சொல்லிக்கொண்டு வேறு யாரோ வருவார்கள். வெளியே வரும்போது வாசலில் நிற்பது நீங்களா, அந்தப் பழைய கூட்டாளிகளா என்பதைப் பொறுத்துத்தான் அவன் மீதி வாழ்க்கை.

நம் போன்ற ஆசிரியர்களின் குறையையும் நாம் மறைக்கக் கூடாது. அந்தப் பையன் ஆறாம் ஆண்டு முடித்துப் போன பிறகு ஒரு முறைகூட அவன் எப்படிப் படிக்கிறான் என்று நாம் விசாரிக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டுத் தோட்டத்துச் சாலையில் அவன் சும்மா நின்றதைப் பார்த்திருக்கிறோம், கையசைத்துவிட்டுப் போயிருக்கிறோம். அன்று வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். பையனை மலாக்காவுக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், நாமும் அந்தத் தாயும் அவருடைய தம்பியும் பஸ் ஏறிப் போனோம். அக்காளும் தம்பியும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். நாம் வெளியே மரத்தடியில் காத்திருந்தோம். திரும்பி வந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒரு தெளிவு இருந்தது.

"பரீச்சை எழுதப் போறானாம் வாத்தியாரையா. கணக்குதான் வரலையாம். உங்கள விசாரிச்சான்," என்றார்.

பஸ்ஸில் வெகு தூரம் அவர் ஒன்றும் பேசவில்லை. யோங் பெங் தாண்டியபோது மெல்லக் கேட்டார்:

"அன்னிக்கு ஒரு பை குடுத்தேனே, அத யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?"

கொடுக்கவில்லை. வகுப்பறை அலமாரியிலேயே இருந்தது. மறுநாள் காலையில் பெரட்டு முடிந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போனார்.